நேற்று ஓடிய தளம் இன்று ஓடவில்லை: அறிகுறி பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

கல்முனையிலோ காத்தான்குடியிலோ மட்டக்களப்பு நகரிலோ இணையத்தளம் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சிறு குழுக்கள். அறுகம்பை விடுதி, மருதமுனைக் கைத்தறிக் கடை, ஏறாவூர் ரியூசன் வகுப்பு, சம்மாந்துறை அரிசி ஆலை என்று ஒருவர் பொறுப்பிலேயே பத்துப் பதினைந்து தளங்கள் இருக்கும். கட்டிக் கொடுத்து இரண்டு வருடம் கழித்து அழைப்பு வரும்: "தம்பி, நாங்க ஒண்டும் செய்யல்ல, சைட் வேல செய்யுதில்ல."

அவர் சொல்வது உண்மைதான். தளத்தின் நிரலை (கோட்) யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கூகுளின் விதி, பிரவுசரின் பதிப்பு, சேர்வரில் தளத்தை ஓட்டும் பி.எச்.பி. மொழி, பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுள் என்று தளத்துக்கு அடியில் கிடப்பவற்றில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும். எது நகர்ந்தது என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. தெரியாமல் நிரலைக் கிளறத் தொடங்கினால் இரண்டு நாள் போய்விடும், நல்லாக இருந்த இடமும் கெட்டுவிடும்.

முதல் பத்து நிமிடம்: எதையும் மாற்றாதீர்கள்

தளத்தை மூன்று விதமாகத் திறந்து பாருங்கள்: வீட்டு வைபையில் ஒரு தரம், போன் டேட்டாவில் ஒரு தரம், பிரவுசரின் பிரைவேட் ஜன்னலில் ஒரு தரம். போன் டேட்டாவில் மட்டும் சரியாக வந்தால் சிக்கல் உங்கள் இணைப்பில் அல்லது டி.என்.எஸ்.ஸில் (தளத்தின் பெயரை சேர்வர் முகவரியாக மாற்றும் அமைப்பு). பிரைவேட் ஜன்னலில் மட்டும் சரியாக வந்தால் பிரவுசர் சேமித்து வைத்த பழைய கோப்பு (கேஷ்) அல்லது குக்கி (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு). மூன்றிலும் உடைந்திருந்தால்தான் அது தளத்தின் பிரச்சினை.

பிறகு கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி நெட்வேர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பாக நிற்கும் வரிகளின் எண்ணைப் பாருங்கள். 401, 403 என்றால் கீ (வெளிச் சேவை ஒன்றை அழைக்கத் தந்த அடையாளக் குறி) அல்லது அனுமதி மாறியிருக்கிறது. 404, 410 என்றால் நீங்கள் அழைக்கும் முகவரியையே அந்தச் சேவை எடுத்துவிட்டது. 429 என்றால் அனுமதித்த அழைப்புகளின் அளவு முடிந்துவிட்டது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வெளிச் சேவையிலிருந்து வந்தால் கோளாறு அவர்களிடம். அவர்களுடைய நிலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருங்கள். உங்கள் சொந்த சேர்வரிலிருந்து வந்தால் பதிவுக் கோப்பின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். எண்ணே இல்லாமல் வெறும் சிவப்பாக நின்றால் கொன்சோல் பகுதிக்குப் போங்கள். சான்றிதழ், கலப்பு எச்.டி.டி.பி. (பாதுகாப்பான பக்கத்துக்குள் பாதுகாப்பற்ற கோப்பு), வேற்றுத் தள அனுமதி (வேறு தளத்திலிருந்து தரவு எடுக்கும் அனுமதி), இந்த மூன்றில் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கும்.

இந்தத் திரையைப் படமெடுத்து வைத்த பிறகே அடுத்த அடி எடுங்கள். திருத்தும்போது அறிகுறி மாறிவிடும். முதலில் என்ன இருந்தது என்பது பிறகு தேவைப்படும்.

வரைபடம் மங்கி, அதன்மேல் "டெவலப்மென்ட் தேவைக்கு மட்டும்" என்ற பொருளில் ஆங்கில எழுத்து வருகிறது

2018இன் நடுப்பகுதியிலிருந்து கூகுள் வரைபடத்தைத் தளத்தில் இயக்க ஏ.பி.ஐ. (ஒரு சேவையை நிரல் வழியாக அழைக்கும் முறை) கீயும், அட்டை இணைத்த பில்லிங் கணக்கும் கட்டாயம். அதற்கு முன் கட்டிய தளங்கள் அப்போதே மங்கின. இன்று இந்த அறிகுறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் காலாவதித் திகதி. கொன்சோலில் "பில்லிங் நொட் எனேபிள்ட்" என்றால் அட்டை. "ரெஃபரர் நொட் அலவ்ட்" என்றால், கீயில் அனுமதித்த முகவரியும் தளத்தின் இன்றைய முகவரியும் பொருந்தவில்லை. முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இருக்கும் வடிவம், இல்லாத வடிவம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

2025 மார்ச் 1 முதல் கட்டண முறையும் மாறியது. மாதம் 200 டொலர் பொதுச் சலுகை போய், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச எல்லை வந்தது: அடிப்படைச் சேவைகளுக்கு மாதம் 10,000 அழைப்பு, அதற்கு மேற்பட்ட வகைகளுக்கு 5,000, 1,000. மொத்தமாக 200 டொலருக்குள் நிற்கிறது என்று நம்பியிருந்தவர்கள் இப்போது ஒவ்வொரு சேவையையும் தனியாக எண்ண வேண்டும்.

ஆனால் ஒரு விடுதியோ கடையோ எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு புள்ளி காட்ட இவ்வளவும் எதற்கு? கூகுள் வரைபடத்தில் இடத்தைத் திறந்து, பகிர்வு பகுதியில் "எம்பெட்" என்பதைத் தேர்ந்து, அங்கே கிடைக்கும் ஐஃப்ரேம் வரியை ஒட்டினால் போதும். கீ வேண்டாம், அட்டை வேண்டாம். பொத்துவில் விடுதித் தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சரியான திருத்தம்.

முன்பதிவுப் படிவம் "நன்றி" என்று சொல்கிறது, ஆனால் மெயில் வந்து சேரவில்லை

இந்தப் பட்டியலிலேயே அதிக நட்டம் தருவது இதுதான். தளம் அழகாக நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது, மூன்று வாரத்து முன்பதிவு காணாமல் போயிருக்கும். தளம் மெயிலை எப்படி அனுப்புகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு வழிதான் வழக்கம்.

ஒன்று, ஜிமெயில் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அனுப்புவது. 2022 மே 30 முதல் தனிப்பட்ட ஜிமெயில் கணக்குகளில் சாதாரண பாஸ்வேர்டைக் கொண்டு இப்படி நுழைய முடியாது. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுத்து, அதைத்தான் படிவத்தின் அமைப்பில் இட வேண்டும்; போர்ட் (சேர்வரின் வாசல் எண்) 587. இதில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், கடைக்காரர் தன் கூகுள் பாஸ்வேர்டை மாற்றுவார். மாற்றிய அந்தக் கணமே பழைய ஆப் பாஸ்வேர்ட்கள் எல்லாம் இரத்தாகிவிடும். ஆகவே "பாஸ்வேர்ட் மாத்தினீங்களா?" என்று கேட்டுவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

மற்றது, ஹோஸ்டிங் சேர்வரே பி.எச்.பி. வழியாக நேரடியாக அனுப்புவது. இங்கே பழைய படிவங்களில் ஒரு பிழை புதைந்து கிடக்கும்: அனுப்புநர் என்ற இடத்தில் வருகையாளரின் முகவரியை இட்டிருப்பார்கள். வருகையாளர் ஜிமெயில்காரர் என்றால், உங்கள் சேர்வர் ஜிமெயிலின் பெயரில் மெயில் அனுப்புவதாக ஆகிறது. பெறும் பக்கம் அதைப் போலி என்று தள்ளிவிடும். அனுப்புநர் எப்போதும் உங்கள் டொமைனின் முகவரியாக இருக்க வேண்டும். வருகையாளரின் முகவரி பதில் முகவரியில் போக வேண்டும். இந்த ஒரு மாற்றத்துடனேயே பாதி மெயில்கள் வரத் தொடங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு டி.என்.எஸ்.ஸைப் பாருங்கள். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். கட்டாயம் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் டி.என்.எஸ். பதிவுகள் இவை). நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) வேண்டும். நம் ஊர்த் தளங்கள் அந்த 5,000ஐத் தொடப் போவதில்லை, ஆனாலும் மூன்றையும் வைப்பதே நல்லது. எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் தந்த ஒன்று, மெயில் சேவை தந்த ஒன்று என்று இரண்டு வரிகளை இட்டால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரிக்குள் சேர்த்து எழுதுங்கள். அந்த வரி தேடும் டி.என்.எஸ். எண்ணிக்கை பத்தைத் தாண்டக் கூடாது.

எதைத் திருத்தினாலும், படிவத்துக்கு வரும் எல்லாவற்றையும் மெயில் அனுப்பும் முன்பே டேட்டாபேஸில் பதிந்துவிடும்படி செய்யுங்கள். மெயில் தொலையலாம், முன்பதிவு தொலையக் கூடாது.

காலையிலும் இரவிலும் வீடியோக்கள் வருவதில்லை, மத்தியானம் தானாகவே சரியாகிறது

கோயில் திருவிழா, வகுப்புப் பதிவு, பள்ளிவாசல் பயான் என்று யூடியூப் சனலிலிருந்து வீடியோக்களை இழுத்துக் காட்டும் தளங்களில் இது வரும். யூடியூப் ஏ.பி.ஐ.யின் வழமையான எல்லை நாளுக்கு 10,000 அலகு. தேடல் அழைப்பு ஒன்றுக்கே 100 அலகு பிடிக்கிறது. பக்கம் திறக்கும் ஒவ்வொரு தரமும் தேடல் ஓடினால் நூறாவது வருகையுடன் அன்றைய பங்கு முடிந்துவிடும். புதிய பங்கு அமெரிக்கப் பசுபிக் நேரம் நள்ளிரவில் கிடைக்கிறது. நமக்கு அது பகல் 12.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1.30. மத்தியானத்தில் "தானாகச் சரியாகும்" மர்மம் இவ்வளவுதான்.

தேடலை விட்டுவிட்டு, சனலின் பதிவேற்றப் பட்டியலைக் கேளுங்கள். அதற்கு 1 அலகுதான். சனல் அடையாளத்தின் தொடக்கத்தில் உள்ள யூ.சி. என்ற இரண்டு எழுத்தை யூ.யூ. என்று மாற்றினால் அந்தப் பட்டியலின் அடையாளம் வந்துவிடும். வந்த விடையை சேர்வரில் ஒரு மணி நேரம் சேமித்து வையுங்கள். நாளுக்கு 24 அலகுடன் வேலை முடியும்.

"இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை

ஒரே ஒருவரின் போனில் மட்டும் வந்தால் அந்தப் போனின் திகதியைச் சரிபாருங்கள். பற்றரி முழுதாக இறங்கிய பழைய போன்களில் திகதி பின்னால் போயிருக்கும். எல்லோருக்கும் வந்தால் சான்றிதழ் முடிந்துவிட்டது.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். வழக்கமாக 30 நாள் மிச்சமிருக்கும்போது சேர்வரே அதைப் புதுப்பிக்கும். புதுப்பிப்பு தவறினால் முன்பு எச்சரிக்கை மெயில் வரும். 2025 யூன் 4 உடன் அந்த மெயிலை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்த தளங்கள்தான் இப்போது திடீரென்று சிவப்பாகின்றன. சான்றிதழைப் புதுப்பிக்கும் சேர்ட்பொட் நிரலை ஒத்திகை முறையில் ஒரு தரம் ஓட விடுங்கள், காரணத்தை அதுவே சொல்லும். அடிக்கடி காண்பது மூன்று: போர்ட் 80ஐ யாரோ மூடிவிட்டார்கள், டொமைன் வேறு சேர்வருக்குப் போனாலும் பழைய ஐ.பி.வி.6 (சேர்வரின் எண் முகவரி) பதிவு மட்டும் டி.என்.எஸ்.ஸில் விட்டுப்போயிருக்கிறது, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டும் என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் மீள ஏற்றப்படாமல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களும் இனி வருடத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும் என்றிருக்காது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. கையால் ஏற்றும் பழக்கம் உள்ள தளங்களைத் தானியங்கிப் புதுப்பிப்புக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.

புதுப்பித்த பிறகு பழைய போன்களில் மட்டும் பொத்தான்கள் நிறமில்லாமல் நிற்கின்றன

நகரத்தில் உங்கள் புதுப் போனில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டில் வெள்ளைப் பொத்தானில் வெள்ளை எழுத்து இருக்கும். தளத்தின் தோற்றத்தை (சி.எஸ்.எஸ்.) எழுத உதவும் டெயில்விண்ட் கருவியின் 4ஆம் பதிப்புக்கு மாறியிருந்தால் இதுதான் காரணம். 2025 ஜனவரியில் வந்த அந்தப் பதிப்பு குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்ஃபொக்ஸ் 128 என்பவற்றிலிருந்துதான் ஆதரவு தருகிறது. அது நிறங்களை எழுதும் புதிய முறை பழைய பிரவுசருக்கு விளங்காது.

அன்ட்ரொயிட் 6 போனில் குரோம் 106க்கு மேல் ஏறாது. ஐபோன் 7 ஐ.ஓ.எஸ். 15 உடன் நின்றுவிட்டது. "பிரவுசரை அப்டேட் பண்ணுங்கள்" என்று இவர்களிடம் சொல்வதில் பயனில்லை, அவர்களால் முடியாது. அப்படிப்பட்டவர்கள் வாங்க வரும் தளம் என்றால் டெயில்விண்ட் 3.4இலேயே நில்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நிறுவனமே பழைய பிரவுசர் தேவைப்படுவோருக்குச் சொல்லும் ஆலோசனை அதுதான்.

புதிய சி.எஸ்.எஸ். வசதி எதையும் எடுக்கும் முன் அதன் "பேஸ்லைன்" நிலையைப் பாருங்கள். பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் கழிந்தால்தான் "பரவலாகக் கிடைக்கிறது" என்ற தரம் கிடைக்கும். நமது பகுதிக்கு அந்த 30 மாதமும் சில வேளை போதாது. தளத்தின் வருகைக் கணக்கில் பழைய குரோம் பதிப்புகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தே முடிவெடுங்கள்.

புதிய லப்டொப்பில் பழைய புரொஜெக்டை நிறுவினால் சிவப்பு எழுத்துகள் கொட்டுகின்றன

பிழையின் முதல் சொற்களை வைத்தே பிரிக்கலாம்.

"டிஜிட்டல் என்வலப் ... அன்சப்போர்ட்டட்" என்று வந்தால், கோப்புகளைக் கட்டிச் சேர்க்கும் கருவியான வெப்பேக் 4 கொண்ட புரொஜெக்டை நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்) 17 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் ஓட்டுகிறீர்கள். நோட் 17 உடன் ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகம் வந்தது. வெப்பேக் 4 பயன்படுத்தும் பழைய ஹாஷ் முறையை அது ஏற்பதில்லை. "லெகசி புரொவைடர்" தெரிவைக் கொடுத்து அன்றைய வேலையை முடிக்கலாம். நிலையான திருத்தம் வெப்பேக் 5 அல்லது வீட் (Vite) என்ற கருவிக்கு மாறுவதுதான்.

"ஈ-ரிசோல்வ்" என்று வந்தால், இரண்டு பெக்கேஜ்கள் (பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்பைக் கேட்டு மல்லுக்கட்டுகின்றன. ரியாக்ட் நூலகத்தின் 19ஆம் பதிப்புக்கு ஏறியவர்கள் அதிகம் கண்டது இது. "லெகசி பியர் டெப்ஸ்" தெரிவைப் போட்டு அடக்குவது வழக்கம். ஆனால் அது முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறது. எந்தப் பெக்கேஜ் பின்தங்கியிருக்கிறது என்று வாசித்து அதையே புதுப்பியுங்கள், இல்லையென்றால் ரியாக்டை 18இல் வையுங்கள்.

டெயில்விண்டின் "இனிட்" கட்டளை "ஓட்டுவதற்கு எதுவும் இல்லை" என்று சொன்னால், பழைய பாடத்தைப் பார்த்து நான்காம் பதிப்பை நிறுவியிருக்கிறீர்கள். அதில் அந்தக் கட்டளை இல்லை. கட்டளைவரிக் கருவியும் போஸ்ட் சி.எஸ்.எஸ். இணைப்பும் தனிப் பெக்கேஜ்களாகப் பிரிந்துவிட்டன.

எந்தப் பிழையும் இல்லாமல் நிறுவி முடிந்து, தளம் மட்டும் வேறு மாதிரி நடந்தால் பூட்டுக் கோப்பை (நிறுவிய பதிப்புகளை அப்படியே குறித்து வைக்கும் கோப்பு) தேடுங்கள். பெக்கேஜ் பட்டியலில் பதிப்பு எண்ணுக்கு முன் தொப்பிக் குறி (^) இருந்தால், அதே முதல் எண்ணுக்குள் வந்த எந்தப் புதுப் பதிப்பையும் எடுத்துக்கொள் என்று பொருள். பூட்டுக் கோப்பு, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் சேர்க்கப்படாவிட்டால் ஒவ்வொரு லப்டொப்பிலும் வேறு வேறு பதிப்பு வந்து விழும். அதைக் கட்டாயம் சேருங்கள், பெக்கேஜ்களை இறக்கித் தரும் என்.பி.எம். கருவியால் நிறுவும்போது "என்.பி.எம். இன்ஸ்டோல்" அல்ல, "என்.பி.எம். சி.ஐ." என்ற கட்டளையைக் கொடுங்கள். அது பூட்டில் உள்ளதைத்தான் அச்சொட்டாக நிறுவும், பொருந்தாவிட்டால் நின்றுவிடும். டேட்டா பக்கேஜில் வேலை செய்பவர்கள் "பிரிஃபர் ஓஃப்லைன்" தெரிவையும் சேர்த்தால் ஏற்கனவே இறக்கியவை மறுபடி இறங்காது.

நோட்டில் இரட்டை எண் பதிப்புகளையே எடுங்கள். 18இன் ஆதரவு 2025 ஏப்ரல் 30 உடன் முடிந்தது. 20க்கு 2026 ஏப்ரல், 22க்கு 2027 ஏப்ரல் என்று எல்லை குறித்திருக்கிறார்கள்.

இனி, எப்போது புதுப்பிப்பது? இதற்கு இரண்டு எதிரெதிரான விடைகள் உண்டு, இரண்டும் சரி. 2025 செப்டெம்பர் 8 அன்று சாக், டீபக் உட்பட மிகப் பரவலான என்.பி.எம். பெக்கேஜ்களில் நச்சுப் பதிப்பு ஏற்றப்பட்டது. சில மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள். அந்த நேரத்துக்குள் அவசரப்பட்டுப் புதுப்பித்தவர்களே மாட்டினார்கள். ஆகவே சாதாரணப் புதுப்பிப்புகளை ஒரு கிழமை ஆறவிடுங்கள். என்.பி.எம். போன்ற இன்னொரு கருவியான பி.என்.பி.எம்.மில், 10.16 பதிப்பு முதல் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. நிமிடக் கணக்கில் 10080 என்று கொடுத்தால் ஏழு நாள் ஆகாத எதையும் அது எடுக்காது. அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று ரியாக்ட் சேர்வர் கொம்பனன்ட்ஸில், பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் சேர்வரில் கோட் ஓட்டக்கூடிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. திருத்தம் 19.0.1, 19.1.2, 19.2.1 ஆகியவற்றில் வந்தது. அங்கே ஒரு கிழமை ஆறவிட்டிருந்தால் சேர்வர் பறிபோயிருக்கும். அறிவிப்பில் பாதுகாப்பு ஓட்டைக்குரிய எண் (சி.வி.ஈ.) இருந்து, நீங்கள் ஓட்டும் பதிப்பும் அதில் பெயர் சொல்லப்பட்டிருந்தால் அன்றைக்கே ஏற்றுங்கள். மற்ற எல்லாம் பொறுக்கும்.

வேர்ட்பிரஸ்: "இந்தத் தளத்தில் பாரிய பிழை"

பெரும்பாலும் ஹோஸ்டிங்காரர் பி.எச்.பி. பதிப்பை உயர்த்தியிருப்பார், பழைய பிளகின் (தளத்தில் கூடுதலாகச் சேர்த்த நிரல்) ஒன்று விழுந்திருக்கும். 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மெயிலுக்கு மீட்பு இணைப்பு அனுப்புகிறது, எந்தப் பிளகின் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். மெயில் கிடைக்காவிட்டால் ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பெனலில் ஃபைல் மனேஜரைத் திறந்து பிளகின்ஸ் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். தளம் உயிர் பெற்றால் பெயரைத் திரும்ப வைத்து, ஒவ்வொரு பிளகினாக இயக்கிப் பாருங்கள். சொந்தமாக எழுதிய தீம் விழுந்திருந்தால், டீபக் பதிவை இயக்கி, திரையில் காட்டுவதை நிறுத்தி, பதிவுக் கோப்பில் வரி எண்ணைப் பாருங்கள். "கிரியேட் ஃபங்ஷன்", "ஈச்" இரண்டும் பி.எச்.பி. 8இல் இல்லை; வெறுமையான மாறியை எண்ணச் சொன்னாலும் அது இப்போது பிழை எறியும். வியாபாரம் நிற்கிறது என்றால் சி-பெனலில் பழைய பி.எச்.பி.யைத் தற்காலிகமாகத் தேர்ந்துவிட்டு ஆறுதலாகத் திருத்தலாம். அது நாள் கணக்குக்குரிய ஏற்பாடு, மாதக் கணக்குக்குரியதல்ல: 7.4இன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டன.

காசு கட்டித் திரும்பும்போது சிலருக்கு மட்டும் லொகின் போய்விடுகிறது

"சிலருக்கு மட்டும்" என்பதில்தான் விடை இருக்கிறது. 2020 பெப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்ற) குறிப்பு இல்லாத குக்கியைக் குரோம் "லக்ஸ்" (பாதிக் கட்டுப்பாடு) என்றே கொள்கிறது. கட்டணச் சேவையின் பக்கத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவம் அனுப்பும் முறை) உங்கள் தளத்துக்குத் திரும்பும்போது அப்படிப்பட்ட குக்கி சேர்ந்து வராது. ஆனால் குக்கி பிறந்து இரண்டு நிமிடம் வரை விலக்கு உண்டு. நீங்கள் பிரைவேட் ஜன்னலில் அவசரமாகச் சோதித்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து எல்லாம் சரியாகத் தெரியும். சேலையைப் பத்து நிமிடம் பார்த்துத் தேர்ந்து, வங்கியின் ஓ.டி.பி.க்குக் காத்திருந்து திரும்பும் அக்காவுக்கு லொகின் போயிருக்கும், கூடை வெறுமையாக இருக்கும், காசு மட்டும் போயிருக்கும்.

செஷன் குக்கிக்கு "சேம்சைட் நன்" என்றும் "செக்கியூர்" என்றும் இரண்டையும் சேர்த்துக் குறிக்கலாம், பி.எச்.பி. 7.3 முதல் அமைப்பிலேயே அதற்கு இடம் உண்டு. அதைவிடத் திடமானது, திரும்பும் பக்கத்தைக் குக்கியில் தங்கவிடாமல் ஓடர் எண்ணைக் கொண்டு அடையாளம் காண்பது. ஓடர் கட்டப்பட்டதா என்பதை அந்தப் பக்கம் தீர்மானிக்கவே கூடாது. கட்டணச் சேவை உங்கள் சேர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகையையும் ஓடர் எண்ணையும் ஒப்பிட்டு, அங்கேதான் "கட்டியாயிற்று" என்று பதிய வேண்டும். அந்த அறிவிப்பு ஒரே ஓடருக்கு இரண்டு தரமும் வரலாம். இரண்டாம் தரம் வந்தால் எதுவும் செய்யாதிருக்கும்படி எழுதுங்கள்.

தமிழ் எழுத்துகள் கேள்விக் குறிகளாகிவிட்டன

சேர்வர் மாற்றிய மறுநாள் வரும் அறிகுறி. டேட்டாபேஸில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மூன்று விசித்திர ஐரோப்பியக் குறிகள் தெரிந்தால் தரவு உயிரோடு இருக்கிறது. பழைய சேர்வரில் லத்தீன் 1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறிமுறையின் பெயரில் மறுபடி ஏற்றுமதி செய்து, கோப்பின் தலைவரியில் எல்லா மொழிக்கும் பொதுவான யூ.டி.எஃப்.8 எம்.பி.4 என்று மாற்றி இறக்குமதி செய்தால் திரும்ப வந்துவிடும். உள்ளேயே வெறும் கேள்விக் குறிகள் பதிந்திருந்தால் அந்தப் பிரதி முடிந்தது. பழைய சேர்வரை மூடும் முன் மூலத்தை எடுங்கள்.

இமோஜிக்குப் பின்னால் உள்ள எழுத்து மட்டும் காணாமல் போனால் அது வேறு. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் "யூ.டி.எஃப்.8" என்று பெயர் கொண்டது மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் எழுத்துக்கு மூன்று போதும், இமோஜிக்கு நான்கு வேண்டும். அட்டவணைகளை எம்.பி.4க்கு மாற்றுங்கள்.

கிட்ஹப் பாஸ்வேர்டை ஏற்பதில்லை

நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், கிட் கட்டளைகளுக்குப் பாஸ்வேர்ட் ஏற்பதை 2021 ஓகஸ்ட் 13 உடன் நிறுத்திவிட்டது. டோக்கன் அல்லது எஸ்.எஸ்.எச். கீ வையுங்கள். இதில் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு: நிறுத்துவதற்கு முன் யூன் 30, யூலை 28 ஆகிய நாட்களில் சில மணி நேரம் வேண்டுமென்றே துண்டித்துக் காட்டினார்கள். பெரிய சேவைகள் பலவும் இப்படிச் செய்கின்றன. ஒரு சேவை சில மணி நேரம் மறுத்துவிட்டுத் தானாகத் திரும்பினால், "சரியாயிற்று" என்று விடாமல் அவர்களுடைய அறிவித்தல் பக்கத்தை அன்றே தேடுங்கள்.

அறிவித்தல் வந்ததாம், நமக்குத்தான் தெரியவில்லை

மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை மாதக் கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. அறிவித்தல் போன முகவரிதான் பிழை. கடைக்காரரின் கட்டாரில் இருக்கும் மருமகனின் ஜிமெயிலில் கணக்குத் திறந்திருப்பார்கள், ஓ.டி.பி. அவருடைய கட்டார் நம்பருக்குப் போகும். அல்லது தளத்துக்கென்றே ஒரு ஜிமெயில் திறந்து பிறகு யாரும் அதற்குள் போயிருக்க மாட்டார்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கலாம் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்குடன் கீயும் வரைபடமும் போய்விடும்.

ஒவ்வொரு சேவையிலும் தொழில்நுட்பத் தொடர்பு, பில்லிங் தொடர்பு என்று தனி இடங்கள் இருக்கும். கணக்கு உரிமை கடைக்காரரிடமே இருக்கட்டும், தொழில்நுட்பத் தொடர்பில் உங்கள் முகவரியைச் சேருங்கள். கிட்ஹப்பில் நீங்கள் நம்பியிருக்கும் நூலகங்களுக்கு "வொட்ச்" என்பதில் "ரிலீசஸ்" மட்டும் தேர்ந்தால் புதிய பதிப்பு வரும்போது மட்டும் மெயில் வரும், வாக்குவாதங்கள் வராது. மெயில் பெட்டியில் "டெப்ரிகேட்டட்", "சன்செட்", "எக்‌ஷன் ரிகுவயர்ட்" என்ற சொற்களுக்கு வடிகட்டி போட்டு, தனி லேபலில் விழச் செய்யுங்கள்.

இந்தச் சொற்கள் ஒன்றல்ல. "டெப்ரிகேட்டட்" என்றால் இன்னும் ஓடும், புதிதாக எடுக்காதே என்பது. கூகுள் வரைபடத்தின் பழைய மார்க்கர் 2024 பெப்ரவரி 21 அன்று அப்படி அறிவிக்கப்பட்டது. நிறுத்துவதென்றால் குறைந்தது 12 மாதம் முன்பே சொல்வோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதற்காக இரவு விழிக்கத் தேவையில்லை. "ஷட்டவுன்" என்று திகதியுடன் வந்தால் அது வேறு: கூகுளின் குறு இணைப்புச் சேவையான ஃபயர்பேஸ் டைனமிக் லிங்ஸ் 2025 ஓகஸ்ட் 25 உடன் நின்றபோது, அச்சடித்த கியூ.ஆர். அட்டைகளில் இருந்த இணைப்புகளும் கூடவே செத்தன.

திகதிகளை இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள், அதற்கு முந்திய கிழமையிலேயே உங்கள் வேலையை வையுங்கள். அறுகம்பைத் தளங்களில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள். அது அவர்களின் சீசன். பெரிய மாற்றங்களை மாரி காலத்துக்கு வையுங்கள். அப்போது கரண்ட் போகும், ஆகவே டேட்டாபேஸ் மாற்றங்களை சேர்வரில் டீமக்ஸ் (tmux) என்ற நிரலுக்குள் ஓட்டுங்கள். வீட்டு ரவுட்டர் அணைந்தாலும் வேலை அங்கே தொடரும். கல்முனை, காத்தான்குடிக் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்தை ஒட்டி எதையும் ஏற்ற வேண்டாம். ஏதும் பிழை வந்தால் கடைக்காரர் பள்ளிவாசலில் இருப்பார், ஓ.டி.பி. கேட்க ஆள் கிடைக்காது.

தளத்துக்கு ஒரு வரி என்று ஒரே ஒரு தாள் வைத்திருங்கள். பொத்துவில் விடுதி ஒன்றுக்கு அது இப்படி இருக்கும்: டொமைன் முடியும் நாள், சான்றிதழ் தானியங்கியா, கடைசியாக ஒத்திகை பார்த்த நாள், பி.எச்.பி. பதிப்பும் அதன் ஆதரவு முடியும் மாதமும். மெயில் போகும் வழி, ஆப் பாஸ்வேர்ட் எடுத்த நாள். கூகுள் கணக்கு யாருடையது, ஓ.டி.பி. யாருக்குப் போகிறது, அட்டை முடியும் மாதம், படிவத்தைக் கடைசியாக நீங்களே நிரப்பி, மெயில் வந்ததைக் கண்ணால் பார்த்த நாள். மாதம் முதல் செவ்வாய்க்கிழமை இந்தத் தாளை மேலிருந்து கீழ் வாசித்து, அடுத்த 60 நாளுக்குள் வரும் திகதிகளைச் சிவப்பாக்குங்கள். பதினைந்து தளங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். அதில் பாதி நேரம் படிவங்களை நிரப்பி மெயில் வருகிறதா என்று பார்ப்பதற்கே போகட்டும்.